கருந்தும்பி மலையைத் தூக்கிய நாள்

சூடத்தைக் கொளுத்துங்கள், உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்கிறேன். இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. நாலு பேர் காதில் விழட்டும் என்றுதான் உரக்கச் சொல்கிறேன். பொய்யாக இருந்தால் நாளைக் காலைக் காப்பி என் தொண்டையில் இறங்காமல் போகட்டும்.

'கருந்தும்பி' என்று ஒரு படம். சின்ன வயதில் தட்டானைப் பிடித்துக் கல் தூக்க வைத்து விளையாடியிருப்பீர்கள். அதே கதைதான். தட்டானுக்குப் பதில் கறுப்பு உடுப்பும் இறக்கையும் மாட்டிய ஒரு ஆள். கல்லுக்குப் பதில் ஒரு பேருந்து. பயணிகளோடு அதை அவன் தலைக்கு மேல் தூக்கியபோது விழுந்த கைதட்டலில் தியேட்டர் கூரையிலிருந்து நாலு ஓடு பெயர்ந்தது. ஏசி தியேட்டருக்கு ஓடு ஏது என்று குறுக்கே கேட்காதீர்கள்.

அவ்வளவு ஓடியதால் இரண்டாம் பாகம் எடுத்தார்கள்.

எடுத்தவர் பூங்குன்றன். ஐம்பது வயது. இயக்குநராவதற்கு முன்னால் சண்டைக் காட்சிகளில் மாடியிலிருந்து விழுகிறவர். விழக் கற்றுக்கொடுத்தவர் எஸ்தர் மாஸ்டர், வயதில் அவரைவிட இரண்டு வருஷம் சின்னவர். இருந்தால் என்ன, குரு குருதான். அந்த அம்மாள் எதிரே வந்தால் பூங்குன்றன் இன்றைக்கும் சிகரெட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். இதனால் மூன்று சட்டை எரிந்திருக்கிறது.

முதல் பாகத்தில் பேருந்து என்றால் இரண்டாவதில் பேருந்துக்கு மேலே ஏதாவது வேண்டும். மலை என்று முடிவானது. தெர்மாகோலில் செய்தார்கள். சாம்பல் வர்ணம் அடித்தது நான்தான். நிஜ மலை என்று நினைத்து அதன்மேல் ஒரு ஆடு ஏறிவிட்டது.

ஆட்டுக்குத் தெரிந்த மலை கேமராவுக்குத் தெரியவில்லை.

கதாநாயகன் ருத்ரேஷ் பல்லைக் கடித்தார், நரம்பைப் புடைத்தார், ஆவென்று கத்தினார். தெர்மாகோலைத் தூக்கிக்கொண்டு ஒருவர் கத்துவதாகத்தான் இருந்தது. உள்ளே மணல் மூட்டை கட்டிப் பார்த்தார்கள். இடுப்பு பிடித்துக்கொண்டது. முகத்தில் மலை தெரியவில்லை, ஆஸ்பத்திரி தெரிந்தது.

படத்தின் முதலாளி நாச்சியப்பன் காலையிலேயே சொல்லிவிட்டார். சாயங்காலத்துக்குள் மலை மலையாகத் தெரிய வேண்டும், இல்லையென்றால் நாளையிலிருந்து வேறு இயக்குநர். சொன்னவர் சும்மா சொல்கிறவர் இல்லை. வேறு இயக்குநர் அப்போதே கேண்டீனில் வந்து உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மத்தியானம் பூங்குன்றன் குருவிடம் போனார். எஸ்தர் மாஸ்டர் விழுகிறவர்களுக்கான மெத்தைமேல் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், பஸ்ஸைத் தூக்கினப்போ கை தட்டினாங்க. இப்ப மலையைத் தூக்குறான், லைட்மேன்கூடத் திரும்பிப் பார்க்கலை. மலையைவிடப் பெரிசா எதைத் தூக்க வைக்கிறது?"

மாஸ்டர் மோரை முடித்தார். டம்ளரைச் சீடன் கையில் கொடுத்தார். எழுந்து போனார்.

தளத்தின் ஓரத்தில் நாச்சியப்பனின் மகள் உமையாள் நின்றுகொண்டிருந்தாள். படப்பிடிப்பு பார்க்க வந்தவள். தோளில் எட்டு மாதக் குழந்தை தேனம்மை. பல் முளைக்கிற குழந்தை, இரண்டு ராத்திரியாக வீட்டில் ஒருவரையும் தூங்க விடவில்லை. அழுகையில் ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டது என்றால் நம்புங்கள். அது இப்போதுதான், இந்த நிமிஷம்தான் கண்ணயர்ந்திருந்தது.

மாஸ்டர் உமையாளிடம் காதோடு ஏதோ பேசினார். உமையாள் முடியாது என்றாள். தான் நாலு பெற்றவள் என்றும், தன் கை கீழேயே இருக்கும் என்றும் மாஸ்டர் சொன்னாராம். உமையாள் தன் மரத்துப்போன தோளைப் பார்த்தாள். ருத்ரேஷைப் பார்த்தாள். சரி என்றாள்.

மெத்தைகளைப் பரப்பினார்கள். ருத்ரேஷ் இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே நீட்டினார். அந்தக் கைகளில் குழந்தையைக் கிடத்திவிட்டு, கம்ப்யூட்டரில் அழிக்கிற பச்சைத் துணியைப் போர்த்திக்கொண்டு மாஸ்டர் அவர் காலடியில் குந்தினார், கை இரண்டும் குழந்தைக்குக் கீழே.

"தம்பி, இவ எழுந்தா நீ செத்த" என்றார் துணிக்குள்ளிருந்து.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். கிளாப் அடிக்கவில்லை, பலகையை ஓசைப்படாமல் மூடினார்கள். ஆக்‌ஷன் சொல்லவில்லை, பூங்குன்றன் கண்ணை மூடித் திறந்தார், கேமரா ஓடியது. அடுத்த தளத்தில் கல்யாணக் காட்சி. நாதஸ்வரக்காரர் ஊதாமல் விரலை மட்டும் ஆட்டினார். விளக்குக் கம்பத்தில் வந்து உட்கார்ந்த காகம் நிலைமையைப் பார்த்துவிட்டு, பறந்தால் சத்தம் வருமென்று இறங்கி நடந்தே வெளியே போனது.

ருத்ரேஷ் பல்லைக் கடிக்கவில்லை. முழங்கால் தானாக மடிந்தது. கால் விரல்கள் தரையைப் பிடித்துக்கொண்டன. மூச்சு பாதி வழியில் நின்றது. ஒரு ஈ மூக்கின்மேல் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டது, அவர் இமைக்கவில்லை. கையில் இருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து நாச்சியப்பன் வந்தார். அவர் பேசினால் வடபழனி சிக்னலில் வண்டிகள் நிற்கும். "என்னய்யா இது" என்று வாயைத் திறந்தார், பாதியில் மகள் திரும்பினாள்.

"அப்பச்சி. அவ எழுந்தா ராத்திரி நீங்கதான் வச்சுக்கணும்."

நாச்சியப்பன் வாயை மூடினார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நுனிக்காலில் நடந்து வந்து மானிட்டரைப் பார்த்தார். கம்ப்யூட்டர் பையன்கள் அதில் குழந்தையை மறைத்து, அதே இடத்தில் மலையைப் பொருத்திக் காட்டினார்கள்.

அவர் ரொம்ப நேரம் பார்த்தார். தெரியாமல் தன் கையையும் நீட்டிக்கொண்டிருந்தார்.

படம் உன்னுடையதுதான் தம்பி என்று பூங்குன்றனிடம் கிசுகிசுத்தார். அவருக்குக் கிசுகிசுக்க வரும் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. கேண்டீனுக்கு ஆள் அனுப்பி, பஜ்ஜிக்குக் காசு கொடுத்து, அந்த இன்னொருவரை வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். மூன்றாம் பாகமும் நீயே எடு, அதில் எதைத் தூக்குகிறான் என்று மட்டும் இப்போதே சொல், நாளைக்கு விளம்பரம் கொடுக்க வேண்டும் என்றார்.

பூங்குன்றனுக்குத் தலைகால் புரியவில்லை. கேமரா நின்றது. காட்சி முடிந்தது. ஆனால் ருத்ரேஷ் அப்படியே நின்றார். கையை ஒரு விரற்கடை தாழ்த்தினார், குழந்தை உதட்டைப் பிதுக்கியது. பழையபடி உயர்த்தினார், தூங்கியது. உமையாள் வாங்க வந்தாள், சிணுங்கியது, பின்வாங்கினாள். மாஸ்டர் கீழேயிருந்து கையை உயர்த்தினார், முகம் கோணியது, தாழ்த்திக்கொண்டார். ருத்ரேஷின் தோள் நடுங்கத் தொடங்கியது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்க ஒருவர் துண்டோடு வந்தார், அந்தக் காலடிக்கே குழந்தை நெளிந்தது. எல்லோரும் உறைந்து நின்றார்கள்.

இதையெல்லாம் கவனிக்காமல் பூங்குன்றன் தவழ்ந்து போய்ப் பச்சைத் துணியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாஸ்டர், மூணாவது பாகத்துல எதைத் தூக்க வைக்கலாம்? இமயமலையா? நிலாவா?"

துணிக்குள்ளிருந்து பதில் வந்தது.

"முதல்ல இதை இறக்கி வைக்கச் சொல்லு."

பூங்குன்றன் நிமிர்ந்து ருத்ரேஷின் கைகளைப் பார்த்தார். அப்புறம் தன் கையையும் அவற்றுக்குக் கீழே நீட்டினார்.

அந்த மலைக்காக ஆறு மாதம் உடற்பயிற்சி செய்ததாக ருத்ரேஷ் இன்றும் பேட்டி கொடுக்கிறார். கொடுத்துவிட்டுப் போகட்டும், பிள்ளைகுட்டிக்காரர். உங்களிடம் இதை யார் சொன்னது என்று கேட்டால் மட்டும் என் பக்கம் கையைக் காட்டிவிடாதீர்கள், ஐயா.