அலையில் விடாத பாளைப் படகு

கடலும் கழியும் கலக்கும் முகத்துவாரத்தில் செங்கமலம் என்றொரு கீரி இருந்தது. அதற்குக் குட்டிகள் மூன்று, சந்தேகங்கள் முன்னூறு. காற்று வடக்கே திரும்பினால்கூட, "இன்றைக்கு ஏன் திரும்புகிறது?" என்று கேட்கும்.

ஐப்பசி மழையில் கரையிலுள்ள வளைகளெல்லாம் மூழ்கிவிடும். அலைகளுக்கு அப்பால் ஒரு மணல்திட்டு. அதன் மேட்டில், தாழம்புதரின் அடியில், நனையாத வளை ஒன்றே ஒன்று. மழைக்கு முன் குறித்த நாளில் படகில் போட்டியிட்டு அந்தத் திட்டில் முதலில் கால் வைப்பவருக்கு அந்த வருஷம் அது சொந்தம். அந்தக் கரையின் வழக்கம் அது. போன வெள்ளத்தில் குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு மரம் மரமாக அலைந்த செங்கமலத்துக்கு இந்தத் தடவை வளை கிடைத்தே ஆகவேண்டும்.

படகு கட்டுவது புண்ணியகோடி என்ற ஆமை. காய்ந்த தென்னம்பாளைதான் படகு. அதனிடம் இரண்டு இருந்தன. ஒன்று, ஒற்றைப் பாளையை வெங்காயத் தோலாகச் சீவியது. மற்றது, மூன்று பாளைகளைப் பிசின் தடவி அடுக்கியது.

"கனமானதை எடுத்துக்கோ தங்கச்சி," என்றது ஆமை.

செங்கமலத்தின் மீசை சிலிர்த்தது. கேட்காமலே யோசனையா?

"ஏன் அண்ணே, அதை யாரும் சீண்டலையோ?"

"அலை உடையற இடத்துல அதுதான் தாங்கும்!"

"வீட்டையே முதுகில் சுமக்கிற ஆள் நீங்க! உங்களுக்குக் கனம்தானே பிடிக்கும்? இல்லை, இலேசானதை யாருக்காவது ஒதுக்கி வச்சிருக்கீங்களா?"

"யாருக்கும் இல்லையம்மா!"

"அப்புறம் ஏன் கண்ணை உருட்டறீங்க?"

"என் கண்ணே அப்படித்தான்!"

அந்த நேரம் பார்த்து பிலோமினா என்ற மரநாய் வந்து சேர்ந்தது. அதற்கும் அந்த வளைமேல் கண். போச்சு! இரண்டும் கூட்டு என்று செங்கமலம் முடிவுகட்டிவிட்டது.

ஒற்றைப் பாளையைத் தூக்கிப் பார்த்தது. மோந்தது. தட்டியது. அசையாத கழித் தண்ணீரில் விட்டது. அது நெய்யில் வழுக்கினாற்போல் ஓடியது. கனமானதோ, சேற்றிலிருந்து எருமை எழுந்த மாதிரி நகர்ந்தது.

"பார்த்தீங்களா! என் தலையில் கட்டப் பார்த்தீங்களே!"

"கழி வேற, கடல் வேறடி," என்றது மரநாய். "ஒரு தடவை அலையில விட்டுப் பாரேன்!"

"இதை நான் அலைக்குக் கொண்டுபோகணும், நீ குறுக்கே புகுந்து தூக்கிக்கிட்டு ஓடணும். அதானே? ஆளைப் பார்!"

பாளையைக் கட்டிக்கொண்டே தூங்கிற்று கீரி. மரநாய் தோளைக் குலுக்கிவிட்டு, கனமான படகை அலைக்கு இழுத்துப்போய், நான்கு முறை உப்புத்தண்ணீர் குடித்துப் பழகிக்கொண்டது.

போட்டி நாள் வந்தது. கழியைத் தாண்டும்வரை கீரியைப் பிடிக்க ஆளில்லை. மரநாய்க்கு மூச்சு வாங்கியது.

"நல்லாச் சுமடி, பிலோமினா!" என்று திரும்பிப் பார்த்துக் கத்தியது கீரி.

முன்னால் அலை எழுந்தது. ஒற்றைப் பாளை அப்பளமாய் மேலே பறந்தது. காற்று அதைக் குறுக்கே திருப்பியது. அடுத்த அலை அதைத் தண்ணீருக்கடியில் மறைந்திருந்த மணலில் ஓங்கி அறைந்தது. 'சடக்!' நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தது படகு. மரநாயின் படகு அலையை மார்பில் வாங்கி, பாதித் தண்ணீரை உள்ளே வாங்கி, ஆடி ஆடித் திட்டைத் தொட்டது.

நனைந்த கீரி தட்டுத்தடுமாறிக் கரைக்கு நீந்தி, நேரே ஆமையிடம் போய் நின்றது.

"எங்கே ஓட்டை போட்டீங்க? உண்மையைச் சொல்லுங்க!"

"ஓட்டையும் இல்லை, உடைசலும் இல்லை. அது கழிக்குன்னே கட்டினது. கழியில அதை ஜெயிக்கப் படகே கிடையாது. நீ என் கண்ணைத்தானே பார்த்தே தங்கச்சி? அலையை எங்கே பார்த்தே?"

செங்கமலம் பதில் சொல்ல வாயைத் திறந்தது. வாய்க்குள் முதல் மழைத்துளி விழுந்தது.

அந்த மழைக்காலம் முழுக்க, கரையை விட்டு வெகுதூரம் தள்ளியிருந்த மேட்டுக்காட்டில் நாத்தனார் வளையின் மூலையில், மூன்று குட்டிகளோடு, வேளைக்கொரு குத்தல்பேச்சு கேட்டுக்கொண்டு அது ஒண்டிக் கிடந்தது.

சொல்பவர் முகத்தை நூறு தடவை சந்தேகிக்கிறவர்கள், பொருளை அது உழைக்கவேண்டிய இடத்தில் ஒரே ஒரு தடவையாவது சோதித்துப் பார்க்கவேண்டும்.