ஒரு மணிக்கட்டில் இரண்டு பேர்

புதுச்சேரியில் கடலுக்குள் முங்கக் கற்றுத்தரும் குரு ஒருவர் இருந்தார். பெயர் பிலோமினா. சீடர்கள் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அவர்களில் தணிகைவேல் என்பவர் குருவைவிட வயதிலும் மூத்தவர், தொந்தியிலும் மூத்தவர். கடல் அதையெல்லாம் பார்ப்பதில்லை என்பதால் மாஸ்டரும் பார்ப்பதில்லை.

ஏழெட்டு மாதமாகத் தலைகாட்டாத தணிகைவேல் ஒருநாள் காலையில் வந்து நின்றார். ஆள் பாதியாகியிருந்தார். அந்தத் தொந்தியைக்கூடக் காணோம்.

"மாஸ்டர், புதுசா ஒரு டைவ் கம்ப்யூட்டர் வாங்கணும். இருக்கறதுலயே நல்லது எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

டைவ் கம்ப்யூட்டர் என்பது கைக்கடிகாரம் மாதிரி மணிக்கட்டில் கட்டிக்கொள்வது. எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம், இன்னும் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று சொல்லும். ஆழம் கூடக் கூட அந்த நேரம் குறையும். பச்சை காட்டினால் பயமில்லை. சிவப்பு வந்த பிறகும் நிற்கச் சொன்ன இடத்தில் நிற்காமல் மேலே வந்தால், கோலி சோடாவை உடைத்ததுபோல உடம்புக்குள் குமிழி கிளம்பிவிடும்.

"பழசுக்கு என்ன சார்?"

"அது பொய் சொல்லுது மாஸ்டர்."

மாஸ்டர் அவரைப் பார்த்தார். ஊருக்கே தெரிந்த விஷயம்தான். தணிகைவேலும் அவர் தங்கை கோமதியின் கணவர் இளம்பரிதியும் ஜோடியாக முங்குகிறவர்கள். ஒருநாள் மாஸ்டர் இல்லாத படகில் இருவரும் போனார்கள். நடுக்கடலில் இளம்பரிதியின் கம்ப்யூட்டரில் பேட்டரி தீர்ந்துவிட்டது. அவ்வளவு தூரம் போய்விட்டு முங்காமல் வர யாருக்கு மனசு வரும்? "உங்க கையில ஒண்ணு இருக்கே மச்சான், ஒண்ணாத்தானே இருக்கப்போறோம்" என்றார் இளம்பரிதி. தணிகைவேலும் தலையாட்டிவிட்டார்.

கீழே போனதும் தணிகைவேல் பாறையின் இடுப்பளவில் மிதந்தபடி படம் எடுத்தார். இளம்பரிதி பாறையின் அடிவரைக்கும் இறங்கி, பொந்திலிருந்த களவா மீனை வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டார். தணிகைவேல் அவ்வப்போது கையை நீட்டிக் காட்டினார். பச்சை. கீழேயிருந்து இளம்பரிதி சரி என்று விரலை மடக்கிக் காட்டினார். இருவரும் சிரித்துக்கொண்டேதான் மேலே வந்தார்கள். சாயங்காலம் இளம்பரிதிக்குக் கால் மரத்தது. அந்தக் கால்கள் இன்றுவரை அசையவில்லை.

"மாப்பிள்ளையப் போய்ப் பார்த்தீங்களா சார்?"

"எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் போறது? கோமதி போனையே நான் எடுக்கறதில்ல."

"அப்புறம் எதுக்குப் புதுசு?"

"நல்ல மெஷினா ஒண்ணு வாங்கி, பழசோட சேத்துக் கடல்ல எறக்கிப் பாக்கணும். பழசுமேலதான் தப்புன்னு தெரிஞ்சா போதும் மாஸ்டர். அன்னிக்கே அவரு கட்டில் பக்கத்துல போய் நிப்பேன்."

பாவம், அந்த ஒரு நம்பிக்கையில்தான் மனிதர் இத்தனை நாளும் சோறு தின்றிருக்கிறார்.

மாஸ்டர் அலமாரியைத் திறந்து ஒரு கம்ப்யூட்டரை எடுத்தார். அதன் பட்டையைப் பார்த்ததுமே தணிகைவேலுக்குத் தெரிந்துவிட்டது. இளம்பரிதியுடையது.

"புதுசு வேணாம். கோமதி குடுத்துச்சு, இதுக்குப் பேட்டரி மாத்தி வெச்சிருக்கேன். உங்களதையும் எடுத்துக்குங்க. வாங்க."

படகு அதே பாறைக்குப் போய் நின்றது. மாஸ்டர் ஒரு கயிற்றின் நுனியில் ஈயக்கட்டியைக் கட்டினார். ஈயத்துக்குப் பக்கத்தில் இளம்பரிதியின் கம்ப்யூட்டர். கயிற்றின் பாதியில் தணிகைவேலுடையது. கயிற்றைக் கடலுக்குள் விட்டார்.

"அன்னிக்கு எவ்ளோ நேரம் இருந்தீங்களோ அவ்ளோ நேரம் இருக்கட்டும்."

இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் ஏறியது. தணிகைவேல் வாய்க்குள் எதையோ வேண்டிக்கொண்டார். பழசு கெட்டுப்போயிருக்க வேண்டும் என்றுதான் வேண்டியிருப்பார். வேறென்ன வேண்டுவார்?

"இழுங்க சார்."

"நானா?"

"நீங்கதான்."

தணிகைவேல் இழுத்தார். முதலில் அவருடையது வந்தது. சத்தமில்லை. பச்சை. மேலும் இழுத்தார். தண்ணீருக்குள்ளிருந்தே கீச் கீச்சென்று ஒரு சத்தம் ஏறிவந்தது. இளம்பரிதியின் கம்ப்யூட்டர் வெளியே வந்தபோது முகமெல்லாம் சிவப்பாகக் கத்திக்கொண்டிருந்தது. தணிகைவேல் அதன் பொத்தானை அழுத்தினார். நிற்கவில்லை. இரண்டு கையாலும் பொத்திப் பார்த்தார். அப்போதும் கத்தியது.

"அன்னிக்கு அவரு கையில இது உயிரோட இருந்திருந்தா..."

"பாறைக்கு அடியிலயே கத்த ஆரம்பிச்சிருக்கும் சார்."

"அப்ப என்னோடது?"

"உங்க கைக்கு அது நெஜத்தத்தான் சொல்லிச்சு."

"வேற நல்ல மெஷினா இருந்திருந்தா?"

"எதுவா இருந்தாலும் கட்டின கையோட சங்கதியத்தான் சொல்லும்."

தணிகைவேல் படகின் தரையில் உட்கார்ந்துவிட்டார். சிறுபிள்ளை மாதிரி அழுதார். பற்றிக்கொள்ள இனி ஒன்றுமில்லை. மாஸ்டர் ஈரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கத்தல் தானாக ஓய்ந்தது.

தணிகைவேல் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"நீங்க போய்ப் பாக்கறீங்க இல்ல மாஸ்டர்? என்னப் பத்தி என்ன சொல்றாரு? திட்டறாரா?"

"இல்ல சார்."

"பரவால்ல, சொல்லுங்க."

மாஸ்டர் கயிற்றைக் கீழே வைத்தார்.

"போறப்பல்லாம் அழறாரு. 'ரெண்டு பேருக்கும் ஒரே கம்ப்யூட்டர்தானே மாஸ்டர், மச்சானுக்கும் கால் போயிடிச்சு, எல்லாரும் சேர்ந்து எங்கிட்ட மறைக்கிறீங்க'ன்றாரு. இல்லன்னு கோமதி தலையில அடிச்சி சத்தியம் பண்ணிப் பாத்துடிச்சு. நம்ப மாட்டேன்றாரு. 'நடக்க முடிஞ்சிருந்தா மச்சான் என்னைப் பாக்க வந்திருப்பாரே'ன்றாரு."