கடுக்காய்க் கொட்டை இடித்தவள்

“குப்பையையா இத்தன மாசமா என்னைய இடிக்க விட்டிய?”

பேச்சியம்மாள் இப்படிக் கேட்டபோது, வைத்தியர் ஆவுடையம்மை காய்ச்சிய தைலத்தை ஒரு பெரிய ஜாடியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

“யாரு சொன்னா?”

“மருந்துச் சரக்கு கொண்டாருவாரே, அவருதான். கடுக்காயில தோலுதான் மருந்தாம். கொட்டையை எந்த வைத்தியரும் சேக்கமாட்டாராம். எடுத்துத் தூரப் போடணுமாம்.”

“சரியாத்தான் சொல்லியிருக்காரு.”

“அப்போ நான் இடிக்கது?”

“கொட்டை.”

“அந்தப் பொடியெல்லாம் எங்க போவுது?”

“முருங்கை மரத்து மூட்டுல கொட்டுதேன்.”

பேச்சியம்மாள் உலக்கையைக் கீழே போட்டாள்.

“எனக்கு எப்பம்மா வைத்தியம் சொல்லித் தருவிய?”

“சொல்லிக்கிட்டுத்தான இருக்கேன்.”

“எங்க சொன்னிய? இடிங்கங்கிய. போதும்ங்கிய. அதத் தவிர ஒரு வார்த்த உண்டா?”

“அதான்” என்றாள் ஆவுடையம்மை.

“இனிமே நான் இடிக்கமாட்டேன்.”

“இன்னைக்கு ஒரு நாள் இடிங்க அக்கா.”



குரு வயதில் சின்னவள். தலை நரைத்தது சிஷ்யைக்குத்தான். அதனால் குரு சிஷ்யையை அக்கா என்றும், சிஷ்யை குருவை அம்மா என்றும் கூப்பிட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் ஆள் தெரியாமல் பேச்சியம்மாளிடம் நாடி பார்க்கக் கையை நீட்டிவிடுவார்கள். அப்போது அவளுக்கு உள்ளுக்குள் குளிரும். அந்தக் கையைப் பிடிக்கத்தானே அவள் வந்தது?

மலையடிவாரத்தில் இருந்த அந்த வைத்தியசாலையில் ஒரே ஓர் அறை. அதற்கு முன்னால் தாழ்வாரம். நடுவில் சுவர் கிடையாது, வெறும் ஓலைத் தட்டி. காத்திருப்பவர்களுக்குத் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு. பெஞ்சுக்கும் தட்டிக்கும் நடுவே உரல்.

ஆள் உள்ளே போனதும் ஆவுடையம்மையின் குரல் வரும்.

“இடிங்க அக்கா.”

ஆள் எழுந்ததும், “போதும்.”

பூண் போட்ட கனத்த உலக்கை. கடுக்காய்க் கொட்டையோ லேசில் உடையாது. எம்பிக் குதிக்கும். கணுக்காலில் வந்து அடிக்கும். பேச்சியம்மாளின் உள்ளங்கை மரக்கட்டைபோல் காய்த்துவிட்டது.

ஒருநாள் புழுக்கம் தாங்காமல் உரலை வேப்பமர நிழலுக்கு உருட்டிக்கொண்டு போனாள். ஆவுடையம்மை வந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூச்சு வாங்க அதைப் பழைய இடத்துக்கே உருட்டி வந்தாள்.

இன்னொரு நாள் கொட்டைமேல் பழந்துணியைப் போட்டு இடித்துப் பார்த்தாள். தெறிக்கவில்லை. சத்தமும் இல்லை. தன் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்து இன்றைக்காவது ஒரு நல்ல வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தாள். ஆவுடையம்மை வந்து துணியை உருவிக்கொண்டு போய்விட்டாள்.



பேச்சியம்மாளும் முதலில் இங்கே நோயாளியாகத்தான் வந்தாள். கூட மகள் இசக்கி வந்திருந்தாள். அப்போது அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவளைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போன பேச்சியம்மாள், புருஷனிடம்கூடச் சொல்லாத ஒன்றை அன்றைக்கு வாய்விட்டுச் சொல்லி அழுதாள்.

அது என்னவென்று நமக்கு எதற்கு? சொன்னாள். மருந்து வாங்கினாள். குணமானாள். அவ்வளவுதான்.

அன்றைக்கும் வெளியே யாரோ போட்டு இடித்துக்கொண்டே இருந்தார்கள். அந்த மூதேவி ஒரு நிமிஷம் நிறுத்தித் தொலைக்கமாட்டாளா என்று பேச்சியம்மாளுக்கு எரிச்சலாக இருந்தது.

இப்போது அந்த மூதேவி அவளேதான்.



இடிக்கமாட்டேன் என்று பேச்சியம்மாள் சொன்ன அன்று பெஞ்சில் மாரித்தங்கம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முழங்கால் வலி. இசக்கியைக் கட்டிக்கொடுத்த ஊர்க்காரி. அதிலும் இசக்கியின் மாமியார் வீட்டுக்கு எதிர்வீடு. அவள் காதில் ஒன்று விழுந்தால், அது மாமியாரிடம் போய்ச்சேர ஒரு தெருவைத் தாண்டினால் போதும்.

இசக்கி தனியாக வந்தாள்.

பெஞ்சைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். திரும்பிப் போகவும் வழியில்லை. மாரித்தங்கம் பார்த்தாயிற்று.

“யாரு, இசக்கியா? மாமியாகிட்டச் சொல்லிட்டுத்தான் வந்தியா?”

“தலைவலி அத்தே. அப்படியே அம்மையையும் பாத்துட்டுப் போலாம்னு.”

அம்மையைப் பார்க்க வந்தவள் அம்மையைப் பார்க்கவே இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“ஏட்டி, என்ன செய்யுது உனக்கு?” என்றாள் பேச்சியம்மாள்.

“ஒண்ணுமில்லம்மா.”

உள்ளேயிருந்து ஆவுடையம்மை எட்டிப் பார்த்தாள். “நீ உள்ள வா தாயி.”

“நாந்தான முதல்ல வந்தேன்!” என்றாள் மாரித்தங்கம்.

“உங்க முட்டு எங்கயும் ஓடிப்போவாது. இருங்க.”

இசக்கி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

“இடிங்க அக்கா.”

பேச்சியம்மாள் இடித்தாள்.

ஏன் தனியாக வந்தாள்? மருமகன் கைநீட்டிவிட்டானா? வயிற்றில் தங்கியது கலைந்துவிட்டதா? கழுத்தில் கிடந்த சங்கிலி எங்கே? இளைத்துத் துரும்பாகத் தெரிகிறாளே, வேறு ஏதும் பெரிய வியாதியா? உலக்கை ஏற ஏற ஒரு கேள்வி. இறங்க இறங்க அதைவிடப் பெரிய கேள்வி.

ஒரே ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும். பெற்றவள்தானே.

உலக்கை உரலுக்குள் நின்றது.

தாழ்வாரம் சட்டென்று அமைதியானது. உள்ளே இசக்கி இடிச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி குரலை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. அந்தக் குரல் அப்படியே வெளியே வந்தது.

“அவுக வீட்ல மட்டும் இது தெரிஞ்சுதுன்னா என்னைய...”

மாரித்தங்கம் முந்தானையால் விசிறுவதை நிறுத்தினாள். அவள் கழுத்து ஓலைத் தட்டியின் பக்கம் நீண்டது.

பேச்சியம்மாள் அந்தக் கழுத்தைப் பார்த்தாள்.

அதே நேரம் உள்ளே பெரிய சத்தத்தோடு ஏதோ விழுந்து நொறுங்கியது. மாரித்தங்கம் பதறி எழுந்தாள். தட்டியின் அடியிலிருந்து தைலம் வழிந்து வந்து உரலைச் சுற்றி நின்றது.

ஆவுடையம்மை வாசலுக்கு வந்தாள். அவள் முழங்கை வரைக்கும் எண்ணெய்.

“பூனை தட்டிவிட்டுட்டு” என்றாள்.

“பூனையா? இங்க ஏது பூனை?”

“ஓடிப்போயிட்டு.”

“ஐயோ, என்ன தைலம் தாயி அது?”

“உங்க முட்டுக்குக் காய்ச்சினதுதான்.”

மாரித்தங்கம் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “நாசமாப் போற பூனை, அது கால் ஒடிய!” என்று ஆரம்பித்தவள், அந்தப் பூனையின் ஏழு தலைமுறையையும் விடவில்லை.

ஆவுடையம்மை பேச்சியம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை. உலக்கையைப் பார்த்தாள். உள்ளே போனாள்.

இடிங்க என்று இந்த முறை சொல்லவில்லை.

பேச்சியம்மாள் உலக்கையைத் தூக்கினாள்.

அன்றைக்கு இடித்ததுபோல் அவள் என்றைக்கும் இடித்ததில்லை. கொட்டை மாவாகிப்போன பிறகும் வெறும் கல்லில் இடித்தாள். மகளின் குரல் பெஞ்சுக்குப் போகக்கூடாது என்று இடித்தாள். பிறகு, தன் காதிலும் விழக்கூடாது என்று இடித்தாள்.

இசக்கி வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. மருந்துப் பொட்டலத்தைப் பைக்குள் அமுக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பஸ் நிற்கும் புளியமரத்தை நோக்கி நடந்தாள்.

மாரித்தங்கம் உள்ளே போனாள். முட்டுக்குக் கட்ட நொச்சியிலையோடு திரும்பி வந்தாள். வந்தவள் உரலுக்குப் பக்கத்தில் நின்றாள்.

“மகளுக்கு என்னவாம்?”

“நான் இடிச்சிக்கிட்டுல்லா இருந்தேன்” என்றாள் பேச்சியம்மாள்.

மாரித்தங்கம் உதட்டைச் சுழித்துக்கொண்டு அதே புளியமரத்துக்கு நடந்தாள்.



இருவரும் தரையில் உட்கார்ந்து ஜாடி ஓடுகளைப் பொறுக்கினார்கள். பேச்சியம்மாளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“நான் நிறுத்தினது தப்புதான். அத விடுங்க. பெத்தவ கேக்கேன். என் பிள்ளைக்கு என்ன? ஒரே ஒரு வார்த்த சொல்லுங்கம்மா.”

ஆவுடையம்மை ஒரு பெரிய ஓட்டுத் துண்டை எடுத்து ஓரமாக வைத்தாள்.

“நீங்க முதமுதல்ல இங்க வந்தன்னைக்குக் கூட யாரு வந்தா அக்கா?”

“இசக்கிதான்.”

“அவ எங்க இருந்தா?”

“அந்தா, அந்தப் பெஞ்சுலதான்.”

“திரும்பிப் போவையில உங்ககிட்ட என்ன கேட்டா?”

பேச்சியம்மாள் யோசித்தாள். கண்ணும் முகமும் வீங்கி வெளியே வந்த நாள் அது. மகள் வாயைத் திறந்தாலே பயமாக இருந்தது. என்ன கேட்பாளோ, என்ன பொய் சொல்வதோ என்று வழியெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள்.

“தண்ணி வேணுமாம்மான்னு கேட்டா.”

“வேற?”

“வேற ஒண்ணும் கேக்கல.”

ஆவுடையம்மை மறுபடியும் ஓடு பொறுக்க ஆரம்பித்தாள்.

பேச்சியம்மாள் வெளியே பார்த்தாள். தாழ்வாரத்திலிருந்து பார்த்தால் புளியமரம் தெரியும். பஸ் இன்னும் வரவில்லை. இசக்கி குனிந்த தலை நிமிராமல் நின்றாள். மாரித்தங்கம் அவள் தோளை இடித்துக்கொண்டு ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பேச்சியம்மாள் எழுந்தாள். எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்தாள். பானையிலிருந்து ஒரு சொம்பு மொண்டுகொண்டு ஓடினாள்.

அவளைக் கண்டதும் மாரித்தங்கத்துக்குத் தெம்பு வந்துவிட்டது.

“வா பேச்சி! நான் கேட்டா வாயத் திறக்கமாட்டேங்கா. நீ பெத்த தாயி. நீ கேளு, சொல்லுதாளான்னு பாப்போம்.”

இசக்கியின் கை பையை இறுக்கிப் பிடித்தது.

பேச்சியம்மாளுக்கு மூச்சு வாங்கியது. சொம்பை நீட்டினாள்.

“தண்ணி வேணுமா தாயி?” என்று கேட்டாள்.