அம்சா கழித்த கூடு

ஊருணிக் கரையில் ஓர் ஈச்சமரம். அதில் இருபது தூக்கணாங்குருவிக் குடும்பங்கள். அந்தக் குருவிகளில் வீடு கட்டுவது ஆணின் வேலை. குறை சொல்வது பெண்ணின் வேலை. பெண் உள்ளே போய் நாரை இழுத்துப் பார்க்கும், தொங்கி ஆட்டிப் பார்க்கும். பிடித்தால் குடித்தனம். பிடிக்காவிட்டால் அது கழித்த கூடு. ஆண் வாயை மூடிக்கொண்டு அடுத்ததைக் கட்ட வேண்டும். நல்ல ஏற்பாடுதான்!

குறை சொல்வதில் அம்சாவை மிஞ்ச அந்த மரத்தில் ஆள் இல்லை. ஆனால் இந்த வருஷம் அவள் புருஷன் பூபதி கட்டிய கூட்டில் அவளாலேயே ஒரு குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. சுவரில் களிமண் பூச்சு. காற்றுக்கு அசையாத முடிச்சு. பாம்பு எட்டிப் பார்க்க முடியாத நீள வாசல். உள்ளே போனவள் ஒரு பகல் முழுக்க வெளியே வரவில்லை.

"என்ன, பிடிச்சிருக்கா?" என்று பூபதி கேட்டான்.

"பேசாதீங்க. அனுபவிக்கிறேன்!"

மறுநாள் காலை இரண்டு சில்லைக் குருவிகள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தன. ஆண் முத்தன், பெண் ராக்கு. அவர்கள் இருந்த கோரைக்காட்டுக்கு யாரோ தீ வைத்துவிட்டார்கள். ராக்குவின் வயிறு முட்டையால் கனத்திருந்தது.

"நாலு நாள்ல மழை வந்துடும் அண்ணே! நான் நாளைக்கே முட்டை வைக்கணும். ஒரு இடம் கொடுங்க!"

மரத்துப் பெரியவர் வைரவன் தொண்டையைச் செருமினார். "வெளியூர்க்காரங்களுக்குக் கழிச்ச கூடுதான். அது இந்த மரத்து வழக்கம். அதோ, போன வருஷக் கூடு ஒண்ணு தொங்குது. எடுத்துக்கோங்க. எங்களுக்கும் புண்ணியமாப் போகட்டும்!"

அம்சா அந்தக் கூட்டைப் பார்த்தாள். அடிப்பக்கத்து ஓட்டை வழியே ஊருணித் தண்ணீர் தெரிந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் அவளும் பூபதியும் இப்படித்தான் வந்து நின்றார்கள். அவர்கள் இருந்த ஏரியை யாரோ மண் கொட்டி மூடிவிட்டார்கள். இதே வைரவன், இதே வார்த்தை சொல்லி, இதே மாதிரி ஒரு கிழிசலைக் கொடுத்தார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்கள். போக்கிடம் இல்லாதவர்கள் எதற்கும் நன்றி சொல்வார்கள். முதல் மழையில் அடி பிய்ந்து மூன்று முட்டையும் தண்ணீரில் விழுந்தன. "கொடுத்ததை வச்சுப் பிழைக்கத் தெரியலை பாரு!" என்றார் வைரவன். முட்டை போனது ஒரு வலி, அந்தப் பேச்சு இன்னொரு வலி.

இப்போது அம்சாவுக்கும் முட்டை வைக்க ஐந்து நாள்தான் இருந்தது. அவள் தன் அழகான சுவரை ஒருமுறை அலகால் தடவினாள். பிறகு வெளியே வந்தாள்.

"இந்தக் கூடு சரியில்லை!"

பூபதி ஓலையிலிருந்து விழப் பார்த்தான். "எது? இதுவா? நேத்து அனுபவிக்கிறேன்னு சொன்னியே!"

"அது நேத்து. இன்னைக்கு வாசல் கோணல். கழிச்சுட்டேன்!"

மரமே சிரித்தது. அம்சா வைரவன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, கழிச்ச கூடு வெளியூர்க்காரங்களுக்குத்தானே? ராக்கு, ஏன் நிக்கிறே? உள்ளே போ!"

"அம்மா, அது புதுக் கூடு!" என்று வைரவன் பதறினார்.

"பழசைத்தான் கொடுக்கணும்னு வழக்கத்துல இருக்கா அண்ணா?"

இல்லை. ராக்கு உள்ளே நுழைந்தாள்.

பூபதி தூரத்து ஓலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "ஊர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டே!"

அம்சா பக்கத்தில் போய் மெல்லச் சொன்னாள். "ஒரு குறையும் இல்லாத கூடுங்க அது. அதனாலதான் கொடுத்தேன். நம்ம மூணு முட்டை ஞாபகம் இருக்கா?"

பூபதி மெல்ல அவள் பக்கம் திரும்பினான். பிறகு, "நிஜமாவே குறை இல்லைதானே?" என்றான்.

"சத்தியமா இல்லை!"

"அது போதும்." விருட்டென்று எழுந்து நார் கிழிக்கப் பறந்தான்.

நாலு நாளில் ஒரு கூடா! யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் விடிவதற்குள் முத்தன் வாய் நிறையப் புல்லோடு வந்து நின்றான்.

"முடிச்சு நீங்க போடுங்க அண்ணே. சுமக்கிறது என் வேலை!"

"காய்ஞ்ச புல்லுல எப்படிய்யா முடிச்சு விழும்? பச்சை நார் கொண்டா!"

அவன் பச்சை நார் கொண்டுவந்தான். நூறு நடை, இருநூறு நடை. ராக்கு முட்டையை விட்டு நகராமல், "அண்ணே, இடது பக்கம் ஓட்டை!" என்று கூவினாள். அம்சாவுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது.

நாலாம் நாள் மாலை கடைசி முடிச்சு விழுந்தது. அம்சா உள்ளே நுழைந்தாள். இடி இடித்தது. இரவெல்லாம் ஊற்றியது. இரண்டு கூட்டிலும் ஒரு சொட்டு இறங்கவில்லை.

ராக்குவுக்கு ஐந்து குஞ்சுகள். அடுத்து அம்சாவுக்கு மூன்று. பசி வந்தால் எட்டும் சேர்ந்து கத்தின. மரத்தில் யாரும் தூங்க முடியவில்லை, யாரும் கோபப்படவும் இல்லை.

அந்த வாரமே இன்னொரு வெளியூர் ஜோடி நனைந்துகொண்டு வந்தது. வைரவன் தொண்டையைச் செருமினார். அதற்குள் அவர் மனைவி சிகப்பி தன் கூட்டிலிருந்து தலையை நீட்டினாள்.

"என்னங்க! இந்தக் கூடு எனக்குப் பிடிக்கலை. வேற கட்டுங்க!"

வைரவன் அவளைப் பார்த்தார். எட்டுக் குஞ்சுகளையும் பார்த்தார். பிறகு நார் கிழிக்கப் போனார்.

போக்கிடம் இல்லாமல் வந்து நின்ற நாளை மறக்காதவர், கொடுக்கும்போது வேண்டாததைத் தேட மாட்டார். தனக்கு மிகப் பிடித்ததையே எடுத்துக் கொடுப்பார்.