அருமைநாயகம் நடத்திய உதவிக்காரர் கூடுகை

சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசன விருந்துக்கு இன்னும் பதினைந்து நாள். கோயில் வளாகத்தில் மூவாயிரம் பேர் பந்தியில் உட்காருவார்கள். பரிமாற அறுபது பேர் வேண்டும். அருமைநாயகத்தின் கையில் இருந்ததோ முப்பத்தொரு பேர்.

வத்தல் மண்டி வைத்திருக்கிற மனுஷன். பன்னிரண்டு வயதில் மூட்டைக்கு அடியில் தலையைக் கொடுத்து, ஏச்சு வாங்கி, ஏமாந்து, ஐம்பத்தாறு வயதில் நாலு பேர் மதிக்கிற இடத்துக்கு வந்தவர். எதிராளி வாயைத் திறப்பதற்குள் விலையை முடித்துவிடுவார். சபையின் உதவிக்காரர் அணிக்கு அவரைத் தலைவராகப் போட்டு மூன்று வருஷம். அந்த மூன்று வருஷத்தில்தான் அணி பாதியாகக் கரைந்தது. ஏன் கரைந்தது என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

அருமைநாயகம், சபையின் போதகரான ஜெபக்கனி ஆயரம்மாவிடம் போனார். தங்கச்சி வயதுதான் இருக்கும். இந்தச் சபைச் சேகரத்துக்கு மாறி வந்து ஏழு மாதம். ஆனாலும் ஊரில் அருமைநாயகம் சத்தம் போடாமல் பேசுகிற ஒரே ஆள் அந்த அம்மாதான். ஆயரம்மா பழைய பாட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் என்ன குறை வச்சேன், ஆயரம்மா? வருஷாவருஷம் இவங்களுக்குன்னு கூடுகை நடத்துதேன். போன வருஷம் மெட்ராஸ்லருந்து ஆளக் கூட்டிட்டு வந்தேன். மட்டன் பிரியாணி. ஆளுக்கு ஒரு குடை. மறுமாசமே பதினாலு பேரு அணிய விட்டு நின்னுட்டாங்க."

"மெட்ராஸ்காரர் என்ன சொல்லிக் குடுத்தாரு?"

"படம் போட்டுக் காட்டுனாரு. எப்படிச் சிரிச்ச முகமா இருக்கணும், வாளிய எப்படிப் பிடிக்கணும், எல்லாம்."

"நேசபாய் வந்திருந்தாளா?"

"முதல் வரிசையில உக்காந்திருந்தா. முதல்ல நின்னவளும் அவதான். பத்தொம்பது வருஷம் சாம்பார் வாளி தூக்குனவ. வேறென்ன, திமிரு."

ஆயரம்மா ஒரு அட்டையின் ஓரத்தை நகத்தால் நீவி மடித்தார்.

"இந்த வருஷமும் கூடுகை வைங்க. நின்னவங்களையும் கூப்பிடுங்க."

"யாரு பேசுதா?"

"யாரும் பேச வேண்டாம். பயிற்சி மட்டும்தான்."

"அப்ப நீங்க நடத்துதியளா?"

"நான் சாப்பிட வாறேன்."

அருமைநாயகம் தலையைச் சொறிந்தார்.

"நின்னவங்கள என்ன சொல்லிக் கூப்பிட? வெறுங்கையோட போனா எவன் வருவான்? வேட்டி சேலைன்னு எதாவது அறிவிப்போமா?"

"நேசபாய்கிட்ட சொல்லுங்க. எனக்குப் பரிமாறத் தெரியல, கொஞ்சம் பழக்கி விடுன்னு."

"யாருக்குத் தெரியல?"

"உங்களுக்குத்தான், அண்ணாச்சி. தெரியுமா?"

அவர் வாழ்நாளில் வாளியைத் தொட்டதில்லை. பந்தி நடக்கும்போது வாசலில் நின்று விரட்டுவதுதான் அவர் வேலை.

"ஊரு சிரிக்குமே."

"சிரிக்கும்" என்றார் ஆயரம்மா. அடுத்த புத்தகத்தை எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்த அருமைநாயகத்துக்குக் கோபம் சுள்ளென்று ஏறியது. ஆளில்லை என்று சொல்லப் போனால் வாளி தூக்கத் தெரியாது என்கிறார்களே, இது என்ன நியாயம்? மண்டியாக இருந்தால் எழுந்து போயிருப்பார். ஆனால் இருபத்தொன்பது பேர் குறைகிறார்கள். அறுபது பேரை நிறுத்துகிறேன் என்று சபைக் கமிட்டியில் மேசையைத் தட்டிச் சொன்னது அவர் வாய். வேறு சரக்கு அவரிடம் இல்லை.

நேசபாய் வீட்டு வாசலில் நின்று, தொண்டையை மூன்று தடவை செருமி, சொல்லிவிட்டார்.

நேசபாய் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "குடிச்சிருக்கியளா, அண்ணாச்சி?"

"நான் என்னைக்குக் குடிச்சேன்? ஆயரம்மா சொல்லச் சொன்னாங்க."

"சனிக்கிழமை மூணு மணி. பழைய சட்டையாப் போட்டுட்டு வாங்க" என்றாள்.

சனிக்கிழமை சபை மண்டபத்தில் ஐம்பத்தெட்டு பேர். அணியில் இருந்தவர்கள் பாதி, நின்றுபோனவர்கள் பாதி. வேடிக்கை பார்க்கத்தான் வந்திருக்கிறான்கள் என்று அருமைநாயகம் பல்லைக் கடித்தார். இரண்டு வரிசையாக இலை போட்டிருந்தது. ஆயரம்மா நாலாவது இலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். நெஞ்சில் கொஞ்சம் துணிச்சல் வரட்டும் என்று அருமைநாயகம் பேச்சைத் தொடங்கினார்.

"அன்பான உதவிக்காரர்களே..."

"வாளியப் பிடிங்க" என்றாள் நேசபாய்.

முதல் இலையிலேயே சாம்பார் தெறித்தது.

"ஏன் மேல இருந்து ஊத்துதிய? பூச்செடிக்கா? குனிங்க. கரண்டி சோத்துல முட்டணும்."

குனிந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது.

"இலையப் பாக்காதிய. சாப்பிடுத ஆளோட கையப் பாருங்க. கை குறுக்க வந்துச்சுன்னா போதும்னு அர்த்தம்."

"இவன் கை வரலியே?"

"அவனுக்கு ரெண்டு கரண்டி. வீட்டுல அடுப்பு பத்த வச்சிருக்க மாட்டான், மூஞ்சியப் பாத்தாத் தெரியல?"

அருமைநாயகம் அந்த மூஞ்சியைப் பார்த்தார். தன் அணியில் ஆறு வருஷமாக இலை போடுகிற செல்லத்துரை. பொண்டாட்டி ஆஸ்பத்திரியில் இருப்பது அவருக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டு கரண்டி ஊற்றினார்.

"ஏன் நிக்கிய? சோத்துக்காரன் ரெண்டு இலை முன்னாடி போயிட்டான் பாருங்க. ஓடுங்க."

ஓடினார். எதிர் வரிசையில் ஒருவன், "அண்ணாச்சி, சிரிச்ச முகமா வாங்க" என்றான். மண்டபம் குலுங்கியது. வாளியை அவன் தலையில் கவிழ்த்துவிடலாமா என்று கை துடித்தது. சோறு இன்னும் ரெண்டு இலை முன்னால் போயிருந்ததால் அதற்கு நேரமில்லை.

பிறகு ரசம். ரசத்தில்தான் ஆள் தெரியும் என்றார்கள். சாப்பிடுகிறவர் சோற்றைக் கூட்டி, நடுவில் குழி பறித்து, ஓரத்தை அணைத்துக் கட்டும்வரை பேசாமல் நிற்க வேண்டுமாம். நிற்பதா? அருமைநாயகமா? ஆயரம்மாவின் விரல் குழியில் இருக்கும்போதே ஊற்றிவிட்டார். ரசம் இலையைத் தாண்டி ஓடி அந்த அம்மாவின் மடியில் இறங்கியது.

ஆளாளுக்குச் சொல்லிக் கொடுக்கக் கிளம்பிவிட்டார்கள். ஒருத்தன் கரண்டியைப் பிடிக்கும் விதம் காட்டினான். ஒருத்தி, வயசானவர்களுக்கு உள்ளங்கையில் எப்படி ஊற்றுவது என்று காட்டினாள். நீ சொல்வது தப்பு, நான் சொல்வதுதான் சரி என்று இரண்டு பேருக்குள் சண்டையே வந்தது. மூன்று வருஷமாக அவர் மைக்கில் கத்தியும் வாய் திறக்காத கூட்டம் அது. ஐந்தரை மணிவரை ஒருவரும் கிளம்பவில்லை.

பாத்திரம் கழுவி முடித்து நேசபாய் கையைத் துடைத்தாள்.

"அசனத்துக்கு நான் வாறேன். இவர வாளியோட தனியா விட்டா சனம் குளிச்சிட்டுத்தான் வீட்டுக்குப் போகும்."

"நானும் வாறேன்" என்றான் எதிர் வரிசைக்காரன். பின்னாலேயே இன்னும் நாலு பேர். அப்புறம் யார் யாரோ. என் கொழுந்தியாளையும் கூட்டிட்டு வாறேன் என்றாள் ஒருத்தி. அருமைநாயகம் ஏற்கெனவே இருந்தவர்களையும் சேர்த்து விரலை மடித்து எண்ணினார். அறுபத்திமூன்று. மறுபடியும் எண்ணினார். அதே அறுபத்திமூன்று.

அவர் யாரையும் கேட்கவில்லை. கேட்கலாம் என்று வாயைத் திறந்தபோதெல்லாம் யாராவது கரண்டியைத் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு ஆயரம்மாவிடம் போய் நின்றார். சட்டை முழுக்க மஞ்சள்.

"எனக்கு ஒன்னும் விளங்கல, ஆயரம்மா. பிரியாணி போட்டேன், போயிட்டாங்க. குடை குடுத்தேன், போயிட்டாங்க. இன்னைக்கு ஒரு மண்ணும் குடுக்கல. நான் எதக் குடுத்தேன்னு இவங்க வாறேன்ங்காங்க?"

ஆயரம்மா ரசம் நனைந்த மடியை உதறினார்.

"வர்ற சனிக்கிழமை நேசபாய் உங்கள வீட்டுக்கு வரச் சொன்னா. ரசம் இன்னும் உங்களுக்கு வரலையாம்."

அருமைநாயகம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, ரச வாளியோடு குழிக்குக் காத்து நிற்கிறவர்போலப் பேசாமல் நின்றார்.