செவ்வந்தியின் இலந்தை வடைப் பட்டறை

ஆற்றங்கரை மருதமரத்துப் பொந்தில் செவ்வந்தி என்ற அணில் இருந்தது. பொந்தின் ஒரு மூலையில் அது தூங்கும். மிச்ச இடம் முழுக்க இலந்தை வடைதான். காட்டில் உள்ளவர்கள் இலந்தைப் பழத்தைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். செவ்வந்தி அதில் உப்பும் மிளகாயும் வெல்லமும் சேர்த்து இடித்து, வட்டமாகத் தட்டிக் காயவைத்துத் திருப்பித் தரும். கூலியாகக் கொஞ்சம் வடையை எடுத்துக்கொள்ளும்.

அந்த வடையைத் தின்ற கரடி ஒருமுறை தேனையே மறந்துவிட்டதாம். இதை ஊரெல்லாம் சொன்னது கரடி அல்ல, செவ்வந்திதான்.

அதே மரத்தின் வேரடி வளையில் மங்காயி என்ற எலி இருந்தது. மற்றவர்கள் கொண்டுவரும் கோரையில் பாய் பின்னிக் கொடுப்பது அதன் தொழில்.

அந்தக் காட்டில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ஆளுக்கொரு பங்கு தானியமோ கொட்டையோ காய்ந்த பழமோ கொடுத்து மேட்டுக் குகையில் சேர்த்துவைப்பார்கள். மழையிலோ தீயிலோ யார் வீடாவது போனால், குகையிலிருந்து ஈடு கிடைக்கும். இதற்குக் காப்பு என்று பெயர். பங்கு வாங்க வருபவர் ஆமையார். அவர் கடைசி வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் முதல் வீட்டில் பேரன் பிறந்திருப்பான்.

வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று ஆமையார் கேட்பார். வெறும் வீடு என்றால் ஒரு பங்கு. தொழிலும் நடந்தால் இரண்டு பங்கு. அதனால் வீட்டிலேயே தொழில் செய்பவர்கள் எல்லோரும் அன்றைக்கு மட்டும் வேலையை நிறுத்திவிட்டு, வாசலில் நின்று கொட்டாவி விடுவார்கள். மங்காயி பின்னிய பாய்களை அடுக்கி அவற்றின் மேலேயே படுத்துக்கொண்டது. இது நான் தூங்குகிற பாய் என்று சொல்லி, ஒரு பங்கோடு முடித்துக்கொண்டது.

செவ்வந்தி மரத்திலிருந்து இறங்கி வந்தது. அதுவும் வெறும் வீடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தது. அதற்குள் மங்காயி முந்திக்கொண்டது.

"இவளும் வீட்ல சும்மா இருக்கிறவதாங்க. பொழுது போகலன்னா எதையாவது இடிச்சிக்கிட்டு இருப்பா."

செவ்வந்திக்குச் சுருக்கென்றது. விடிந்ததிலிருந்து இடித்து இடித்து அதன் முன்னங்கால்கள் காய்த்துப்போயிருந்தன. காடே அதன் வடைக்குக் காத்துக் கிடக்கிறது. இதற்குப் பெயர் சும்மா இருப்பதா?

"சும்மா இல்லீங்க. இது பட்டறை. ஊரார் பழம் உள்ள கிடக்கு. நான் தொழில் பண்றேன்."

"அப்போ ரெண்டு பங்கும்மா."

செவ்வந்தி பொந்தை அண்ணாந்து பார்த்தது. கோடைக்கென்று சேர்த்துவைத்த கொட்டைகள் அல்லவா! ஆனால் சொன்ன சொல்லை விழுங்க மனம் வரவில்லை. வாலைத் தூக்கிக்கொண்டு போய், எல்லாவற்றையும் அள்ளி வந்து கொட்டியது.

காடே கேலி பேசியது. வாய்க்கொழுப்புக்கு வரி கட்டுகிறாள் என்று மங்காயி சொல்லிச் சொல்லிச் சிரித்தது. செவ்வந்தி அரை வயிற்றோடு திரிந்தது. வாலை மட்டும் தாழ்த்தவே இல்லை.

சித்திரையில் ஒரு பிற்பகல். புழுதிக் காற்றோடு கோடைமழை அடித்துக்கொண்டு வந்தது. மருதமரம் வேரோடு சாய்ந்தது. அணிலும் எலியும் எப்படியோ தப்பிவிட்டன. வடையும் பழமும் பாயும் கோரையும் ஆற்றோடு போயின.

மழை விட்டதும் பழம் கொடுத்தவர்களும் கோரை கொடுத்தவர்களும் வந்து கூடிவிட்டார்கள். எங்கள் பொருள் எங்கே என்று காட்டுப்பன்றி உறுமியது. இன்றைக்குப் பதில் சொல்ல முடியாவிட்டால் இனி யாரும் தன்னை நம்பிப் பழம் தரமாட்டார்கள் என்று செவ்வந்திக்குத் தெரியும்.

ஒருவழியாக ஆமையார் வந்து சேர்ந்தார். மங்காயிக்குப் புது வளை தோண்டிக் கொடுக்கச் சொன்னார். போன பாய்க்கும் கோரைக்கும் என்ன வழி என்று அது கேட்டது.

"வெறும் வீடுன்னுதானேம்மா சொன்ன? வீட்டுக்கு வீடு தந்தாச்சு."

பிறகு செவ்வந்தியிடம் திரும்பினார். "உனக்குப் பொந்தும் உண்டு, இடிக்கிற கல்லும் உண்டு. ஊரார் பழத்துக்கு ஈடா குகையிலேர்ந்து பழம் வந்துடும்."

காட்டுப்பன்றியின் உறுமல் அடங்கியது. வடை எப்போது கிடைக்கும் என்று பணிவாகக் கேட்டது. நாளைக்கு வெயில் வரட்டும், பார்க்கலாம் என்றது செவ்வந்தி. அதற்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை.

கோரைக்காரர்கள் நடுவில் மங்காயி குறுகி நின்றதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. செவ்வந்தி அதன் பக்கத்தில் போய் நின்றது.

"அழாதீங்கக்கா. ஆத்துல இறங்கிக் கோரை அறுத்துடலாம், நானும் வரேன். ஆனா ஒண்ணு. நம்ம ரெண்டு பேரும் ஒருநாளும் சும்மா இருந்ததில்ல. அதை இனிமே வாய் திறந்து சொல்லுங்க."

வீட்டுக்குள் நடந்தாலும் தொழில் தொழில்தான். அதைப் பெருமையோடு வெளியே சொல்லி உரிய காப்பைத் தேடிக்கொள்பவரே ஆபத்து வரும்போது தலைநிமிர்ந்து நிற்பார்.