சுவரில் ஊற்றிய தண்ணீர்

எங்க கம்பிக்காரத் தெருவுல குருவுக்கு நாப்பத்திரண்டு வயசு, சீடருக்கு அறுபத்தொண்ணு. சிரிக்காதீங்க, அப்படித்தான் இருந்துச்சு.

குரு ஜெபராணி. அவங்க அப்பா வச்சிருந்த ஸ்டூடியோவை இப்ப அவங்கதான் நடத்துறாங்க. கல்யாணப் படமெல்லாம் கிடையாது. பாஸ்போர்ட் சைஸ், ஸ்டாம்ப் சைஸ், செத்தவங்க படத்தைப் பெருசு பண்றது, அவ்வளவுதான். சுவரை ஒட்டி என்னோட ஜெராக்ஸ் கடை. அங்க தும்மினா இங்க கேட்கும்.

சீடர் ரங்கபாஷ்யம். இன்சூரன்ஸ் ஆபீஸ்ல முப்பத்தஞ்சு வருஷம் குப்பை கொட்டிட்டு ரிடையர் ஆனவர். மகன் வெளிநாட்டுலேர்ந்து வாங்கிக் கொடுத்த காமிரா கழுத்துல தொங்கும். எங்க தெருவுல நூறு வருஷத்து வீடுங்க இருக்கில்ல, தேக்குத் தூணு, முற்றம், ஆணி அடிச்ச பெரிய கதவு, அதையெல்லாம் படம் எடுக்கணும்னு மனுஷனுக்கு ஒரே வெறி. காமிராவுல இருக்கிற பொத்தான் பாதி அவருக்குப் புரியாது. அதைக் கத்துக்க ஜெபராணிகிட்ட வந்தார். வந்த அன்னைக்கே "குருவே"ன்னு ஆரம்பிச்சுட்டார். விளையாட்டுக்குச் சொன்னது அப்படியே நிலைச்சுப் போச்சு.

ஒருநாள் கேட்டார்.

"குருவே, நல்ல படம்னா எது?"

ஸ்டூல்ல ஒரு பொண்ணு வந்து உட்கார்ந்திருந்துச்சு. ஜெபராணி அந்தப் பொண்ணைப் பார்த்து, "எதுக்கும்மா?"ன்னு கேட்டாங்க.

"நர்சிங் காலேஜுக்குக்கா."

"அப்ப காது தெரியணும். முடியைத் தள்ளு."

எடுத்து முடிச்சுட்டு இவர் பக்கம் திரும்பி, "இதான் சார்" அப்படின்னாங்க.

"எது?"

"இப்பக் கேட்டேனே, எதுக்குன்னு. அது."

ரங்கபாஷ்யம் சிரிச்சுட்டார். "அது கடையில கேட்கிற கேள்வி குருவே. நான் கலையைக் கேட்கிறேன்."

"சரிங்க சார்"னு சொல்லிட்டு ஜெபராணி கத்தரிக்கோலை எடுத்துக்கிட்டாங்க.

பதினெட்டாம் நம்பர் வீட்டுல பஞ்சவர்ணம் குடியிருந்தா. இருபத்தாறு வருஷமா அந்த முன்கட்டுல இடியாப்பம் பிழிஞ்சு விக்கிறவ. இந்தத் தெருவுல அவ இடியாப்பம் திங்காத வாயி கிடையாது. வீட்டுச் சொந்தக்காரர் வேற ஊர்ல இருந்தார். வீட்டை இடிச்சுட்டு லாட்ஜ் கட்டணும்னு அவருக்கு ரொம்ப நாளா ஆசை. காலி பண்ண முடியாதுன்னு இவ கேஸ் போட்டு ஜெயிச்சு உட்கார்ந்திருந்தா.

அந்த வீட்டுச் சுவத்துல மேல்பூச்சுல ஒரு விரிசல். ஒரு விரல் நுழையாது. உள்ளே ரெண்டடிக்குக் கல்லு. ரங்கபாஷ்யத்துக்கு அந்த விரிசல் மேல காதலே வந்துருச்சு. காலையில சாய்வா வெயில் விழுறப்ப பத்து நாள் வந்து பார்த்தார். பத்தாம் நாள், "கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா, சுவத்துல ஊத்தணும்" அப்படின்னார்.

குழாய்ல நாலு நாளைக்கு ஒருதரம் தண்ணி வர்ற தெரு இது. பஞ்சவர்ணம் குடிக்க வச்சிருந்த குடத்தைத் தூக்கிக் கொடுத்தா. இவர் ஊத்தினார். சுவர் கறுத்துச்சு. விரிசல் பாளம் பாளமாப் பிளந்த மாதிரி ஆயிருச்சு. அதுக்குக் கீழே குனிஞ்சு அவ இடியாப்பத் தட்டை எடுக்கிறா. எடுத்தார் படத்தை.

படத்துக்குப் பேரு 'காலத்தின் ரேகைகள்'. பழமையான வீடுகள்னு ஒரு போட்டிக்கு அனுப்பி, முதல் பரிசு. பேப்பர்ல அரைப் பக்கத்துக்கு வந்துச்சு. தெருவே கொண்டாடுச்சு. பஞ்சவர்ணம் அந்தப் பக்கத்தை வெட்டி அடுப்புக்கு மேல சோத்துப் பருக்கையை வச்சு ஒட்டினா.

ரங்கபாஷ்யம் ஸ்வீட் பாக்ஸோட ஸ்டூடியோவுக்கு வந்தார். ஜெபராணி படத்தை ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"சுவர் ஏன் சார் ஈரமா இருக்கு?"

"ஒரு குடம் தண்ணி ஊத்தினேன். நல்லா ஆழம் கிடைக்கும். டெக்னிக்!"

"எதுக்கு சார்?"

"எதுக்குன்னா... அழகுக்குத்தான்."

ஜெபராணி ஸ்வீட்டை எடுத்துக்கிட்டாங்க.

மறு வாரம் ஒரு ஆள் என் கடைக்கு வந்தான். அந்தப் பேப்பர் படத்தைக் கொடுத்து, கலர்ல பன்னிரண்டு காப்பி கேட்டான். எதுக்குன்னு நான் கேட்கலை. ஜெராக்ஸ்காரன் எவன் கேட்கிறான்? போட்டுக் கொடுத்தேன்.

பத்தே நாள்ல முனிசிபாலிட்டிக்காரங்க பதினெட்டாம் நம்பர் கதவுல நோட்டீஸ் ஒட்டினாங்க. கட்டடம் ஆபத்தான நிலையில இருக்கு, ஆட்சேபம் இருந்தா வியாழக்கிழமை விசாரணைக்கு வரணும்னு. நேர்ல வந்து பார்க்க மாட்டாங்களான்னு கேட்பீங்க. வந்தாங்க. வீட்டுச் சொந்தக்காரரோட ஆள் என்கிட்ட காப்பி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்த படத்தைக் கையில வச்சுக்கிட்டு வந்தாங்க. படத்துல பார்த்ததைத்தான் சுவத்துல பார்த்தாங்க.

பஞ்சவர்ணம் மாவுக் கையோட ஸ்டூடியோவுக்கு ஓடி வந்தா. ரங்கபாஷ்யம் அங்கதான் இருந்தார்.

"சார், நீங்க எடுத்த படத்தைத்தான் வச்சிருக்காக. வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க சார். அது வெறும் மேல்பூச்சு, தண்ணி ஊத்தினோம்னு சொல்லுங்க. நான்தானே குடம் தூக்கிக் கொடுத்தேன்?"

"வர்றேம்மா. கண்டிப்பா வர்றேன். நீ அழாதே."

ஜெபராணி கேட்டாங்க. "அந்தச் சுவர் காய்ஞ்சு இருக்கிற படம் ஏதாவது வச்சிருக்கீங்களா சார்?"

"எழுபது எடுத்தேன். எல்லாத்தையும் அழிச்சுட்டேன். அதுல சுவர் வெறும் சுவராத்தான் தெரிஞ்சுது."

வியாழக்கிழமை நானும் கடையைச் சாத்திட்டுப் போனேன். அதிகாரி நல்ல மனுஷன் மாதிரிதான் தெரிஞ்சார். ரங்கபாஷ்யத்துக்கிட்டே ஒரு தாளை நீட்டினார். போட்டிக்கு அனுப்பினப்ப இவர் கையெழுத்துப் போட்ட தாள். 'உள்ளதை உள்ளபடி எடுத்தேன், எந்த ஜோடனையும் செய்யவில்லை'ன்னு அதுல எழுதியிருக்கு. எதிர்த்தரப்பு எப்படியோ வாங்கி வச்சிருந்தாங்க.

"இது உங்க கையெழுத்தா?"

பஞ்சவர்ணம் இவர் வாயையே பார்த்துக்கிட்டு நின்னா. ரங்கபாஷ்யம் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். மறுபடி மாட்டினார். முப்பத்தஞ்சு வருஷம் என் கையெழுத்து பொய் சொன்னதில்லைன்னு எங்ககிட்ட எத்தனையோ தடவை பீத்தியிருக்கார்.

"கையெழுத்து என்னதுதான்."

"அப்ப படம் உள்ளபடிதானே?"

"... ஆமா."

சட்டையைப் பிடிச்சு உலுக்கணும் போல எனக்கு ஆத்திரம் வந்துச்சு. பன்னிரண்டு காப்பி போட்ட கையாச்சே, சும்மா இருந்துட்டேன். பஞ்சவர்ணம் சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கிட்டு வெளியே போயிட்டா.

இப்பவோ அப்பவோ விழப்போகுதுன்னு எழுதினாங்களே, அந்தச் சுவரைத் தள்ள பொக்லைன் நாலு நாள் முட்டுச்சு. அந்தச் சத்தத்துல என் மிஷின் கண்ணாடி கூட அதிர்ந்துச்சு.

அதுக்கப்புறம் ஒரு மாசம் ரங்கபாஷ்யம் இந்தப் பக்கம் தலை காட்டலை. ஒருநாள் மத்தியானம் வந்தார். கழுத்துல காமிரா இல்லை. பெஞ்சுல உட்கார்ந்தார்.

"பரிசைத் திருப்பி வாங்கிடுவாங்கன்னு பயந்துட்டேன் குருவே. வேற ஒண்ணுமில்லை. அவ்வளவுதான்."

ஜெபராணி யாரோட படத்தையோ நாலு மூலையும் நேரா வெட்டிக்கிட்டு இருந்தாங்க.

"திட்டவாவது செய்யுங்களேன்."

அப்பத்தான் பஞ்சவர்ணம் வந்தா. பைபாஸைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகையில இருக்காளாம். அங்க இடியாப்பம் வாங்க ஆள் இல்லை. பாதியா இளைச்சிருந்தா. இவரைப் பார்த்தா. நேரா ஸ்டூல்ல போய் உட்கார்ந்தா.

"ஜெபா, ஒரு பாஸ்போர்ட் சைஸ் எடுத்துவிடு."

ஜெபராணி ஸ்டூடியோ காமிராவை எடுத்து ரங்கபாஷ்யத்துக்கிட்டே நீட்டினாங்க.

"நீங்க எடுங்க சார்."

"நானா? வேண்டாம் குருவே."

"எடுங்க. கேட்டுட்டு எடுங்க."

அவர் காமிராவை வாங்கினார். பஞ்சவர்ணத்துக்கு எதிர்ல வந்து நின்னார்.

"எதுக்கும்மா?"

"கேஸ் கனெக்‌ஷன் மாத்தணும். பழைய அட்ரஸுல அப்படி ஒரு வீடே இல்லைங்கிறாக."

முதல் ரெண்டும் கலங்கிப் போச்சு. மூணாவதுதான் சரியா விழுந்துச்சு. வெள்ளைத் துணிக்கு முன்னால பஞ்சவர்ணம், அவ முகம், ரெண்டு காது. அவ எழுந்து, எப்ப வந்து வாங்கிக்கிறதுன்னு மட்டும் ஜெபராணிகிட்டே கேட்டுட்டுப் போயிட்டா.

ரங்கபாஷ்யம் காமிராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கா குருவே?"

ஜெபராணி வாங்கிப் பார்த்தாங்க.

"நல்லா வந்திருக்கு சார். பின்னாடி சுவரே இல்லை. இதை வச்சு யாரும் எதையும் இடிக்க முடியாது."